வண்டி வாசல் கேட்டை மாற்றும் அரசு டெண்டர்: காரைக்குடிப் பக்கத்துப் பட்டறைக்காரர்கள் கேட்கும் கேள்விகள்

காரைக்குடியில் வெல்டிங் பட்டறை வைத்து, அதிலிருந்து சின்னச் சின்ன அரசு வேலைகளுக்குப் போனவன் நான். தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான், திருமயம் என்று சுற்று வட்டாரத்தில் பட்டறை வைத்திருக்கும் தம்பிகள் அடிக்கடி போன் செய்து கேட்பவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். ஒரு அரசு வளாகத்தின் வண்டி வாசலில் இருக்கும் பழைய பாதுகாப்பு கேட்டை எடுத்துவிட்டுப் புதியது மாட்டும் வேலையை மட்டும் எடுத்துக்கொண்டு பேசுகிறேன். நம்மால் நன்றாகச் செய்ய முடிந்த வேலை இது. ஆனாலும் நம்மில் பலர் இதில் கையைச் சுட்டுக்கொள்கிறோம்.

நம் பக்கத்தில் இப்படி டெண்டர் விடுவது யார்? எல்லோருக்கும் ஒரே விதிதானா?

இல்லை. முதலில் அந்த அலுவலகம் மத்திய அரசுடையதா, மாநில அரசுடையதா என்று பாருங்கள். காரைக்குடியில் இரண்டும் அடுத்தடுத்த மதில்களில் இருக்கின்றன. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து வரவழைத்த மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம், அதாவது நாம் செக்ரி என்று சொல்வது, மத்திய அரசைச் சேர்ந்தது. அழகப்பா பல்கலைக்கழகம் மாநிலத்தைச் சேர்ந்தது. மாநகராட்சி, அரசு மருத்துவமனை, தாலுகா அலுவலகம் எல்லாம் மாநில விதியின் கீழ் வருகிறவை. ரயில்வேக்குத் தனி நடைமுறை உண்டு.

மத்திய அரசு அலுவலகங்களுக்கு 2017ஆம் ஆண்டின் பொது நிதி விதிகள் அடிப்படை. மாநிலத்துக்கு 1998ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைச் சட்டமும், அதன் கீழ் 2000ஆம் ஆண்டில் வந்த விதிகளும். வைப்புத் தொகை, அவகாசம், மேல்முறையீடு எல்லாமே இந்த இரண்டுக்கும் வேறுபடும். ஒன்றில் பழகியதை மற்றொன்றில் எதிர்பார்த்து ஏமாறாதீர்கள்.

டெண்டர் வந்திருப்பது எப்படித் தெரியும்?

மாநில வேலைகளுக்குத் தமிழ்நாடு அரசின் டெண்டர் இணையதளம், மத்திய வேலைகளுக்கு மத்திய கொள்முதல் இணையதளம், பொருளாக வாங்கினால் அரசுக் கொள்முதலுக்கான இணையச் சந்தையான ஜெம். மாநிலச் சட்டப்படி மாவட்ட ஒப்பந்தப்புள்ளி அறிவிப்பு இதழ் ஒன்றும் உண்டு. செட்டிநாடு சிவகங்கை, புதுக்கோட்டை என்று இரண்டு மாவட்டங்களில் கிடக்கிறது என்பதை மறக்க வேண்டாம். காரைக்குடியில் உட்கார்ந்து சிவகங்கையை மட்டும் பார்த்தால், அரை மணி நேரப் பயணத்தில் இருக்கும் திருமயம் வேலை கண்ணில் படாது.

மாநில விதிப்படி 2 கோடி ரூபாய் வரையிலான டெண்டருக்குக் குறைந்தது 15 நாள், அதற்கு மேல் 30 நாள் அவகாசம் கொடுக்க வேண்டும். கேட் வேலை பெரும்பாலும் முதல் வகையில்தான் வரும். 15 நாள் என்பது கேட்க அதிகமாகத் தெரியும். இடத்தைப் பார்த்து, கேட்டை நகர்த்தும் மோட்டாருக்கு விலை வாங்கி, தாசில்தாரிடம் சால்வன்சி சான்றிதழ், அதாவது நம் சொத்து மதிப்புக்கான சான்று, தேவைப்பட்டால் அதையும் வாங்குவதற்குள் ஓடிவிடும். அதனால் எப்போதும் தேவைப்படும் காகிதங்களைத் தயாராக வைத்திருங்கள்.

புது கேட் போடுவதற்கும் பழையதை மாற்றுவதற்கும் அப்படி என்ன பெரிய வித்தியாசம்? இரும்பு ஒன்றுதானே?

நான் இந்தப் பக்கத்தை எழுத உட்கார்ந்ததே இந்தக் கேள்விக்காகத்தான்.

காலி மனையில் புது கேட் போடும்போது வாசல் உங்களுடையது. குழி தோண்டிப் போட்டுவிட்டு நாலு நாள் கழித்து வரலாம். மாற்று வேலையில் அப்படி முடியாது. அந்த வாசல் வழியாகத்தான் ஊழியர் வண்டி, தண்ணீர் லாரி, ஆம்புலன்ஸ் எல்லாம் போய் வருகின்றன. அதை ஒரு நாள்கூட முழுதாக அடைக்க முடியாது. அதே சமயம் ஒரு இரவுகூடக் கதவில்லாமல் திறந்து கிடக்கவும் விட முடியாது. இந்த இரண்டு நெருக்கடிக்கும் நடுவில்தான் உங்கள் வேலை. செலவும் அங்கேதான் ஒளிந்திருக்கிறது.

நம் ஊர் வீடுகளைப் பாருங்கள். முகப்பு ஒரு தெருவில், பின்கட்டு வாசல் அடுத்த தெருவில். முகப்பில் வேலை நடந்தால் பின்வாசலில் புழங்கிக்கொள்வார்கள். வளாகத்திலும் முதலில் கேட்க வேண்டியது அதுதான்: இரண்டாவது வாசல் இருக்கிறதா, லாரி நுழையும் அகலம் அதற்கு உண்டா, வேலை நடக்கும் நாட்களில் அங்கே காவலர் போடுவார்களா? ஆம் என்றால் அதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் வேலை பாதியாகக் குறைந்துவிடும்.

இரண்டாவது வாசல் இல்லையென்றால் நான் செய்யும் முறை இது. புது கேட்டை முழுவதும் பட்டறையிலேயே முடித்து, சமமான தரையில் தண்டவாளம் போட்டு உருட்டிப் பார்த்துவிடுவேன். பழைய கேட்டைத் தொடுவதற்கு முன்பே, மதில் உள்பக்கம் கேட் பின்வாங்கி நிற்கும் இடத்தின் அஸ்திவாரத்தை முடித்துவிடுவேன். அங்கே வண்டி போகாது, அதனால் நிதானமாகச் செய்யலாம். சாலையைக் குறுக்கே கடக்கும் பகுதிதான் சிக்கல். அங்கே கான்கிரீட் போட்டால் இறுகும்வரை லாரி ஏற முடியாது. ஒன்று, பாதிச் சாலையை முடித்து இறுகவிட்டு மறு பாதியைத் தொடலாம். அல்லது தண்டவாளம் பதித்த கான்கிரீட் உத்தரத்தைப் பட்டறையில் வார்த்து, பதம் வந்த பிறகு கொண்டுபோய் இறக்கலாம். ஒரு அடி அகலம், ஒரு அடி ஆழம், மூன்று மீட்டர் நீளத் துண்டு ஏறத்தாழ 700 கிலோ வரும். ஹைட்ரா எனும் கிரேன் வண்டி சுலபமாகத் தூக்கிவிடும். ஆறு மீட்டர் வாசலுக்கு இரண்டு துண்டு. சனிக்கிழமை சாயங்காலம் தொடங்கினால் ஞாயிறு இரவுக்குள் புது கேட் நிற்கும்.

அந்த ஒன்றரை நாளுக்கு இரும்புத் தடுப்பு, விளக்கு, கூடுதலாக ஒரு ஆள் என்று எல்லாம் வேண்டும். இவை டெண்டர் அட்டவணையில் தனி வரியாக இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் உங்கள் விலைக்குள் அடக்க வேண்டியதுதான். பின்னால் கேட்டால் கிடைக்காது.

டெண்டர் போடும் முன் இடத்தைக் கட்டாயம் பார்க்க வேண்டுமா? வரைபடம்தான் கொடுத்திருக்கிறார்களே?

கட்டாயம் பார்க்க வேண்டும். நான் பட்ட அடியைச் சொல்கிறேன்.

தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு அரசு வளாகத்துக்கு வரைபடத்தை மட்டும் நம்பி விலை போட்டேன். எல்-1 ஆக, அதாவது எல்லோரையும்விடக் குறைந்த விலை போட்டவனாக வந்தேன், சந்தோஷப்பட்டேன். வேலை தொடங்கி இரண்டடி தோண்டியதும் செம்பூரான் பாறை. நம் மண் மேலே மிருதுவான செம்மண்ணாகத் தெரியும். கீழே இந்தப் பாறை எங்கே தொடங்கும் என்று சொல்ல முடியாது. கடப்பாரை நெருப்பு கக்கியது. பிரேக்கர் வாடகைக்கு எடுத்தோம். அடுத்த நாள் குறுக்கே ஒரு பழைய கேபிள் வந்தது. அது உயிருள்ளதா செத்ததா என்று யாருக்கும் தெரியவில்லை. அதைக் கண்டுபிடித்துச் சொல்வதற்கு அலுவலகத்தில் ஒரு வாரம் ஆனது. என் ஆட்களுக்கு அந்த வாரக் கூலி என் கையிலிருந்து போனது. அட்டவணையில் 'எல்லா வகை மண்ணிலும் தோண்டுதல்' என்று ஒரு வரி இருந்தது. அந்த வரியை நான் படிக்காமல் தாண்டியிருந்தேன்.

அதனால் போகும்போது டேப், ரசமட்டம், ஒரு நோட்டு எடுத்துக்கொள்ளுங்கள். வாசலின் அகலத்தை மேலே, நடுவே, கீழே மூன்று இடத்தில் அளந்து பாருங்கள். பழைய தூண் சாய்ந்திருக்கும். கேட் பின்வாங்க மதிலோரம் எவ்வளவு நீளம் வெறுமையாக இருக்கிறது, அங்கே மரமோ மின்கம்பமோ காவலர் அறையோ நிற்கிறதா என்று பாருங்கள். சாலை எந்தப் பக்கம் சரிகிறது, ஐப்பசி மழைத் தண்ணீர் எங்கே போய்ச் சேரும் என்று காவலரிடமே கேளுங்கள். அவருக்குத் தெரியாதது எதுவும் இல்லை. பக்கத்தில் ஊரணிக்குப் போகும் வரத்துக்கால் இருந்தால் அதை மறிக்கும்படி எதையும் கட்டக் கூடாது. கரண்டு எங்கிருந்து வருகிறது, சிசிடிவி கம்பி எதில் ஓடுகிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். படம் எடுக்க வேண்டுமென்றால் முதலில் அனுமதி கேளுங்கள். பாதுகாப்பு வளாகத்தில் போனைத் தூக்கிப் படம் எடுத்தால் அந்த நாளே முடிந்தது.

சந்தேகம் எதுவானாலும் டெண்டர் மூடுவதற்கு முன் எழுத்தில் கேளுங்கள். பதில் எல்லோருக்கும் பொதுவாக வெளியாகும். அது ஒப்பந்தத்தின் பகுதியாகிவிடும்.

எந்த வகை கேட் என்று அவர்களே சொல்லிவிடுவார்களா?

பெரும்பாலும் சொல்லிவிடுவார்கள். இருந்தாலும் அது அந்த இடத்தில் நிற்குமா என்று பார்க்க வேண்டியது உங்கள் பொறுப்பு.

இரட்டைக் கதவு மலிவானது, தூணில்தான் எல்லா பாரமும். தண்டவாளத்தில் உருளும் ஸ்லைடிங் கேட் நம் பக்கம் அதிகம் புழங்குவது. அதன் எதிரி மணலும் தேங்கும் தண்ணீரும். தண்டவாளத்துக்கு அடியில் தண்ணீர் வடிய வழி வைக்காவிட்டால் முதல் மழைக்காலத்திலேயே சக்கரம் இறுகும். தரையில் தண்டவாளமே இல்லாமல் அந்தரத்தில் நகரும் கான்டிலீவர் கேட்டுக்கு இந்தத் தொல்லை கிடையாது. ஆனால் பின்பாரத்துக்காகக் கேட்டின் நீளம் திறப்பைவிட மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை கூடுதலாக வேண்டும். ஆறு மீட்டர் வாசலுக்கு எட்டு முதல் ஒன்பது மீட்டர் கேட், அதற்கேற்ற இடம். பழைய வளாகங்களில் அந்த இடம் இருக்காது. பூம் பேரியர், அதாவது மேலே தூக்கி இறக்கும் குறுக்குக் கம்பம், வண்டியை நிறுத்தும், ஆளை நிறுத்தாது. அது கேட்டுக்குத் துணையாக இருக்கலாம், கேட்டுக்குப் பதிலாக இருக்க முடியாது.

ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். தீயணைப்பு வண்டி நுழைய முக்கிய வாசல் 6 மீட்டருக்குக் குறையக் கூடாது என்று தேசியக் கட்டட விதித்தொகுப்பு சொல்கிறது. புது தூணைக் கொஞ்சம் தடிமனாகக் கட்டி அகலத்தைத் தின்றுவிடுகிறோம். பழைய திறப்பு எவ்வளவோ அதற்குக் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

லாரி மோதினாலும் தாங்கும் கேட் என்று கேட்டிருக்கிறார்கள். செய்து கொடுக்கலாமா?

எம்-50 என்று எழுதியிருந்தால், 6,800 கிலோ லாரி மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் வந்து மோதினாலும் தாங்க வேண்டும் என்று பொருள். எம்-30 என்றால் 48 கிலோமீட்டர். அதை நிஜமாகவே மோதிப் பார்த்துச் சான்றிதழ் வாங்கிய தயாரிப்பாளர்கள் இருக்கிறார்கள். தடித்த இரும்பைப் போட்டுவிட்டு நாமே சான்று சொல்ல முடியாது. அவர்களிடம் வாங்கி நிறுவும் வேலையை மட்டும் நாம் செய்யலாம்.

எனக்கு உத்யம் எனும் சிறு, குறு தொழில் பதிவு இருக்கிறது. வைப்புத் தொகை கட்ட வேண்டாமல்லவா?

மத்திய அரசின் சிறு, குறு நிறுவனக் கொள்முதல் கொள்கை பொருளுக்கும் சேவைக்கும் உரியது. கேட்டைப் பொருளாக வாங்கி நிறுவச் சொன்னால் அந்தச் சலுகையைக் கேட்கலாம். இடிப்பு, அஸ்திவாரம், தூண், கேட் எல்லாம் சேர்ந்த பணி ஒப்பந்தமாக விட்டால் அந்தக் கொள்கை பொருந்தாது. டெண்டரின் முதல் பக்கத்திலேயே இது பொருளா பணியா என்று தெரிந்துவிடும். இதைக் கவனிக்காமல் இ.எம்.டி., அதாவது டெண்டரோடு கட்டும் வைப்புத் தொகையை, கட்டாமல் விட்டு, கவரே திறக்கப்படாமல் போனவர்களை எனக்குத் தெரியும்.

இ.எம்.டி. தொகை மாநில விதிப்படி மதிப்பில் 1 சதவீதத்துக்கு மேல் போகாது. மத்திய விதி 2 முதல் 5 சதவீதம் வரை இடம் கொடுக்கிறது. வேலை கிடைக்காவிட்டால் திரும்ப வரும். வேலை கிடைத்து ஓடிப்போனால் வராது.

ஆன்லைனில் போடும்போது எங்கே தவறுகிறது?

கிளாஸ் 3 டிஜிட்டல் கையொப்பம் வேண்டும். கையெழுத்துக்கு ஒன்று, பூட்டுவதற்கு ஒன்று என்று இரண்டும் அந்த டோக்கனில் இருக்க வேண்டும். விலை நிரப்பும் எக்செல் கோப்பின் பெயரை மாற்றாதீர்கள். இறக்கிய பெயரிலேயே திரும்ப ஏற்ற வேண்டும். இல்லாவிட்டால் உங்கள் டெண்டர் நிராகரிக்கப்படலாம். கெடு நேரம் இணையதளத்தின் கடிகாரப்படிதான். கடைசி நாளுக்கு முந்தைய நாளே ஏற்றிவிடுங்கள். தொழில்நுட்ப விவரத்துக்கு ஒரு கவர், விலைக்கு ஒரு கவர் என்று இருக்கும்போது, தொழில்நுட்ப கவரில் தவறிப்போய் விலையைக் காட்டிவிடாதீர்கள். அதற்கு மன்னிப்பே கிடையாது.

விலையை எப்படிப் போடுவது? கிலோவுக்கு இவ்வளவு என்று பெருக்கினால் போதாதா?

போதாது. இரும்பின் எடை தொடக்கம் மட்டும்தான். ஆனால் அந்தத் தொடக்கத்தையே பலர் தப்பாகப் போடுகிறார்கள், அதனால் ஒரு கணக்கைப் போட்டே காட்டுகிறேன்.

6 மீட்டர் அகலம், 2 மீட்டர் உயரம், ஒரு பக்கம் முழுத் தகடு. பரப்பு 12 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டர் ஒரு மில்லி தகடு 7.85 கிலோ. 2 மில்லி என்றால் 15.7. ஆக தகடு மட்டும் 188 கிலோ. சட்டத்துக்கு 50க்கு 50, 3 மில்லி சதுரக் குழாய். சுற்று 16 மீட்டர், ஐந்து செங்குத்து 10 மீட்டர், இரண்டு குறுக்கு 12 மீட்டர், மொத்தம் 38 மீட்டர். மீட்டருக்குச் சுமார் நாலே கால் கிலோ வைத்தால் 160 கிலோ. இரண்டும் சேர்ந்து 350 கிலோ. சக்கரம், மோட்டார் பிடித்து நகர்த்தும் பல் கம்பி, மேல் வழிகாட்டி சேர்த்தால் 400-ஐ நெருங்கும். மோட்டார் வாங்கும்போது 400க்குச் சரியாக வாங்காதீர்கள். காற்றும் மணலும் சேர்ந்து இழுக்கும். குறைந்தது இரு மடங்கு தாங்குவதாக எடுங்கள்.

அட்டவணையில் இரும்பு வேலையைக் கிலோவில் அளந்தால் வெட்டிக் கழித்த துண்டுக்குப் பணம் கிடையாது. எண்ணிக்கையில், அதாவது 'ஒரு கேட் முழுமையாக' என்று இருந்தால் எல்லாம் உங்கள் தலையில். இதற்கப்புறம்தான் நிஜமான செலவு வருகிறது: இடிப்பு, பாறை, ஹைட்ரா வாடகை, இரவுக் கூலி, சாலைக்கடியில் குழாய், தற்காலிகத் தடுப்பு, ஆட்களுக்கு அடையாள அட்டையும் போலீஸ் சரிபார்ப்பும் முடியும்வரை காத்திருக்கும் நாட்கள். சாலைக்கடியில் போடும் குழாயை இரண்டாகப் போடுங்கள். கரண்டுக்கு ஒன்று, குறுக்கே ஆளோ வண்டியோ நின்றால் கேட்டை நிறுத்தும் சென்சாரின் கம்பிக்கு ஒன்று. இரண்டையும் ஒரே குழாயில் விட்டால் கேட் தானாகத் திறக்கும், தானாக நிற்கும். பிறகு சாலையைத் திரும்ப உடைக்க வேண்டியிருக்கும்.

என் அனுபவத்தில், மாற்று வேலையில் கேட்டின் விலை மொத்தத்தில் பாதியைத் தாண்டினால் எதையோ கணக்கில் விட்டுவிட்டேன் என்று அர்த்தம். திரும்ப உட்கார்ந்து எண்ணுவேன்.

மற்றவர்கள் குறைத்துப் போடுகிறார்கள். நானும் குறைக்காவிட்டால் எப்படி வேலை கிடைக்கும்?

மதிப்பீட்டைவிட மிகவும் கீழே போனால் கூடுதல் பாதுகாப்புத் தொகை கேட்கும் நிபந்தனை பல டெண்டர்களில் உண்டு. அந்தப் பணம் முடங்கும். அப்புறம், நஷ்டத்தில் எடுத்த வேலையில் நீங்கள் முதலில் கை வைப்பது கண்ணுக்குத் தெரியாத இடமாகத்தான் இருக்கும்: அஸ்திவார ஆழம், பெயின்டுக்குக் கீழே உள்ள பூச்சு, சென்சார். தானாக நகரும் 400 கிலோ கேட்டில் சென்சாரைக் குறைத்தால் ஒரு குழந்தையோ காவலரோ நசுங்குவார். இதை எண்ணிப் பாருங்கள். அந்த விலைக்கு முடியாது என்றால் அந்த வேலையை விட்டுவிடுங்கள். நான் விட்டிருக்கிறேன்.

கால்வனைஸ், அதாவது துத்தநாகப் பூச்சு, கேட்டால் பெயின்ட் போதும் என்று சொல்லிப் பார்க்கலாமா?

இரும்பு துருப்பிடிப்பதை ஆராய்வதற்கென்றே பேர்பெற்ற செக்ரி நிறுவனம் நம் ஊரில் இருக்கிறது. கடல் காற்றில் உலோகம் எப்படி அரிக்கிறது என்று பார்க்க மண்டபத்திலும் அதற்கு நிலையம் உண்டு. அந்த ஊர்க்காரர்கள் நாம் துருவை லேசாக எண்ணக் கூடாது. தொண்டி, தேவிபட்டினம் பக்கம் வேலை எடுத்தால் சூடான துத்தநாகப் பூச்சு இல்லாமல் கேட்டை நிறுத்தாதீர்கள்.

அந்தப் பூச்சுக்கு அனுப்பும் குழாய்களின் இரண்டு முனையிலும் துளை போட மறக்க வேண்டாம். துத்தநாகம் சுமார் 450 டிகிரியில் உருகிக் கிடக்கும் தொட்டி அது. மூடிய குழாய்க்குள் காற்றோ ஈரமோ இருந்தால் வெடிக்கும். ஆள் உயிர் போகும். அதே துளை பின்னால் மழைத் தண்ணீர் வடியவும் உதவும். பூச்சுக்குப் பிறகு இடத்தில் வெல்டிங் வைத்தால் அந்த இடத்தில் துத்தநாகம் கருகிவிடும். அங்கே துத்தநாகம் செறிந்த பெயின்டை இரண்டு கை அடியுங்கள். முடிந்தவரை போல்ட் இணைப்பாகவே வடிவமையுங்கள்.

அதிகாரி போனில் தொடங்கச் சொல்லிவிட்டார். தொடங்கலாமா?

பணி ஆணை கையில் வரட்டும். அதுவரை பட்டறையில் அளவு எடுத்து இரும்பு வாங்கி வைப்பதுகூட உங்கள் சொந்தத் துணிச்சலில்தான். நடுவில் கூடுதல் வேலை சொன்னாலும் இதேதான். 'இந்தக் காவலர் அறைக் கதவையும் கொஞ்சம் பார்த்துவிடுங்கள்' என்பார்கள். நல்ல மனதோடுதான் கேட்பார்கள். அன்று சாயங்காலமே ஒரு கடிதம் கொடுத்து ஒப்புதல் வாங்குங்கள்.

பழைய கேட் யாருக்குச் சொந்தம்?

அரசுக்கு. அட்டவணையில் பழைய இரும்புக்குக் கழிவு விலை போட்டு உங்களிடமே விட்டிருந்தால் மட்டும் எடுத்துப் போகலாம். இல்லையென்றால் எடை மேடையில் நிறுத்தி, சீட்டோடு ஸ்டோரில் ஒப்படைத்து, கையெழுத்து வாங்குங்கள். ஒரு கீல்கூட உங்கள் வண்டியில் வெளியே வரக் கூடாது. பழைய கேட்டில் நன்கொடையாளர் பெயர்ப் பலகையோ பழைய வார்ப்பு வேலைப்பாடோ இருந்தால் கேஸ் கட்டரைத் தூக்கும் முன் அதிகாரியிடம் காட்டிக் கேளுங்கள். நம் பக்கத்துப் பழைய கட்டடங்களில் அப்படி நிறைய உண்டு. ஒருமுறை வெட்டினால் போனதுதான்.

அவர்களால் தாமதமானாலும் எனக்கு அபராதமா?

எழுதி வைக்காவிட்டால் ஆமாம். மந்திரி வருகிறார், தேர்வு நடக்கிறது, கவுன்சிலிங் கூட்டம் என்று வேலையை நிறுத்தச் சொல்வார்கள். அது நியாயமான காரணமும்கூட. ஆனால் அந்த நாள் இடையூறு பதிவேட்டில் ஏற வேண்டும், இளநிலைப் பொறியாளர் கையெழுத்து வேண்டும். கெடு முடிவதற்கு முன்பே கால நீட்டிப்பு கேட்டுக் கடிதம் கொடுங்கள். முடிந்த பிறகு கேட்டால் அது கெஞ்சல்.

பில் தொகையில் எவ்வளவு பிடிப்பார்கள்?

வேலை மதிப்பு 8 லட்சம் என்று வைப்போம். ஜிஎஸ்டி 18 சதவீதம் 1,44,000. மொத்தம் 9,44,000. இதில் ஜிஎஸ்டி டிடிஎஸ், அதாவது பில்லிலேயே முன்கூட்டிப் பிடிக்கும் வரி, 2 சதவீதம் 16,000 பிடிப்பார்கள். ஒப்பந்தம் இரண்டரை லட்சத்துக்கு மேல் என்பதால். வருமான வரி தனிநபருக்கு 1 சதவீதம் 8,000. கூட்டு நிறுவனமோ கம்பெனியோ என்றால் 2 சதவீதம். தொழிலாளர் நல நிதி 1 சதவீதம் என்றால் இன்னொரு 8,000. நிறுத்தி வைப்புத் தொகை 5 சதவீதம் என்று நிபந்தனை இருந்தால் 40,000. கைக்கு வருவது 8,72,000. அதிலிருந்து ஜிஎஸ்டியை நீங்கள் கட்ட வேண்டும். இரும்புக்கும் மோட்டாருக்கும் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளலாம். பிடித்த 16,000 உங்கள் ஜிஎஸ்டி பணக் கணக்கில் வந்து சேரும், அதையும் பயன்படுத்தலாம். இந்த உள்வரவுகளைக் கணக்குப்பிள்ளை பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடாமல் மாதாமாதம் நீங்களே ஒரு பார்வை பாருங்கள்.

பில்லுக்கு உயிர் எம்.புக், அதாவது அளவுப் புத்தகம். மண்ணுக்குள் போகும் எதையும் மூடுவதற்கு முன் பொறியாளரை வரவழைத்து அளந்து எழுதச் சொல்லுங்கள். அஸ்திவாரம், கம்பி, குழாய், எர்த் குழி எல்லாம் அப்படித்தான். மூடிய பிறகு அவர் நம்பி எழுதுவார் என்று எதிர்பார்ப்பது அவருக்கும் நியாயமில்லை.

என் டெண்டரைக் காரணமில்லாமல் தள்ளிவிட்டார்கள் என்று தோன்றினால்?

முதலில் காரணத்தைக் கேட்டு வாங்குங்கள். மாநிலச் சட்டப்படி, முடிவு கைக்கு வந்த 10 நாளுக்குள் அரசுக்கு மேல்முறையீடு செய்யலாம். பத்து நாள் என்பது கண் மூடித் திறப்பதற்குள் போய்விடும். டீக்கடையில் புலம்பி அந்த நாட்களைத் தீர்த்துவிடாதீர்கள்.

வேலை முடிந்த பிறகு எத்தனை நாள் பொறுப்பு?

குறைபாட்டுப் பொறுப்புக் காலம் ஒப்பந்தத்தில் எழுதியபடி. ஒப்படைக்கும் நாளில் பகல் காவலர், இரவுக் காவலர் இருவரையும் நிறுத்தி, கரண்டு போனால் கையால் திறக்கும் சாவியை அவர்கள் கையில் கொடுத்து, ஆளுக்கு மூன்று முறை திறந்து மூடச் சொல்லுங்கள். செய்முறையைத் தமிழில் பெரிய எழுத்தில் அச்சிட்டுக் காவலர் அறைச் சுவரில் ஒட்டுங்கள். மோட்டாரோடு வரும் ஆங்கிலப் புத்தகம் அலமாரிக்குப் போய்விடும். புரட்டாசி கடைசியில், யாரும் கூப்பிடாமலே ஒருமுறை போய்த் தண்டவாள ஓரத்து மணலை அள்ளி, வடிகால் துளையில் கம்பி விட்டுப் பார்த்து, சக்கரத்துக்குக் கிரீஸ் வைத்துவிட்டு வாருங்கள். போன வருஷம் மறந்துபோய், அப்படிப் போய்ப் பார்க்காமல் இருந்துவிட்டேன், ஐப்பசி அடைமழையில் ராத்திரி இரண்டு மணிக்குக் காவலர் போன் செய்தார். கேட் பாதியில் நிற்கிறது என்றார். நனைந்துகொண்டே போய்ப் பார்த்தால் துளையில் ஒரு வேப்பங்குச்சி.